நாலாம் நம்பர் புட்டி

கோலார் தங்க வயலில் உட்கார்ந்துகொண்டு கடல் ஆராய்ச்சி செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது. என் கணவர் ராஜேந்திரன், ஃபேக்டரியில் டர்னர், மாசக்கணக்கில் இதை வைத்தே பொழுதைப் போக்கினார். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, "மங்களம், இன்னிக்கு அலை எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் சிரில் சார், "மீன் வந்தா சொல்லுங்க டீச்சர், எங்க வீட்டுக்கும் ரெண்டு" என்றார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷமாக அதே வேதியியலை, அதே மூக்குடைந்த பிப்பெட்டை வைத்துக்கொண்டு நடத்திக்கொண்டிருந்தவளுக்கு நிஜமான ஒரு வேலை வந்திருக்கிறது. யார் சிரித்தால் எனக்கென்ன?

விஷயம் இதுதான். கல்லூரியில் என்னோடு படித்த ஆர்தர் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தான். பாலாறு கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் மெல்ல மெல்லப் புளிக்கிறதா, அதாவது அமிலமாகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அமிலம் ஏறினால் சிப்பிக்கும் நண்டுக்கும் ஓடு மெலிந்துபோகுமாம். கடல் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, மேலேயிருந்து, அதாவது பாலாறு கிளம்பி வருகிற எங்கள் பக்கத்திலிருந்து, என்ன வருகிறது என்றும் தெரிய வேண்டும் என்று 2001 மே மாதத்தில் எனக்குக் கடிதம் எழுதினான். "பாலாற்றில் தண்ணீர் ஓடினால்தானேப்பா கடலுக்கு வரும்?" என்று நான் பதில் போட்டேன். "வெள்ளம் வரும் வருஷம் எல்லாம் சேர்ந்து வரும். நீ வாரா வாரம் ஆறு இடத்தில் அளந்து எழுது" என்று சொல்லி ஒரு மீட்டரையும் அனுப்பிவிட்டான்.

பேனா அளவு மீட்டர். முனையைத் தண்ணீரில் நனைத்தால் சின்னக் கண்ணாடியில் எண் வரும். ஏழு என்றால் நடுநிலை, நல்ல தண்ணீர். ஏழுக்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போக காரம். அவ்வளவுதான் சங்கதி. கூடவே ஒரு தாளில் ஆர்தர் விதிமுறைகள் எழுதியிருந்தான். முதல் விதி: மீட்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தந்த இடத்திலேயே அளக்க வேண்டும். அந்த விதியைப் படித்தேன். படித்துவிட்டு ஒதுக்கினேன். ஏரிக்கரையில் கை தவறி மீட்டர் தண்ணீருக்குள் போய்விட்டால்? தண்ணீர் என் சமையலறைக்கு வரட்டும், மீட்டர் எங்கேயும் போகாது என்று முடிவு செய்தேன். இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். பிறகு வருகிறவர் மேல் பழி போடுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வருகிறவர் காத்தவராயன். மில்லில், அதாவது தாதுவை அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரிக்கிற ஆலையில், இருபத்தாறு வருஷம் சாம்பிள் எடுத்தவர். அந்த வருஷத் தொடக்கத்தில் சுரங்கம் மூடியபோது மில்லும் நின்றது, அவரும் நின்றார். வயது ஐம்பத்திரண்டு. வேறு எங்கே போவது? காலை ஷிஃப்டு நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் ஊர்க் கோரமண்டல் பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பார். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயில் ஏறுவார்கள், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கேதான் பிடித்தேன்.

"தண்ணி சாம்பிளா டீச்சரம்மா? எனுக்கா கத்துக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். முகம் அப்படி மலர்ந்தது. மறுநாளே புட்டிகளை வாங்கிக்கொண்டுபோய், சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒன்று முதல் ஆறு வரை பெயின்டால் எண் எழுதிக்கொண்டு வந்து காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் கிளம்புவார். மில்லில் கொடுத்த முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். ஒன்றாம் நம்பர் புட்டி, ஊருக்கே குடிதண்ணீர் தருகிற பேத்தமங்களா ஏரி. நாலாம் நம்பர், கோரமண்டலுக்குப் பின்னால் போகிற ஓடை. மற்ற நாலும் வழியில் உள்ள குட்டைகளும் கால்வாய்களும். பத்து மணிக்குள் ஆறு புட்டிகளும் என் சமையலறை மேடையில் வரிசையாக நிற்கும். வெளிப்புறத்தைத் துடைத்து, எண் என் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, கைகட்டி நின்று நான் அளப்பதைப் பார்ப்பார். நான் எண்ணைச் சொன்னால் அவர் நோட்டில் எழுதுவார். 'எடுத்தவர்' என்ற இடத்தில் காத்தவராயன் என்று முழுப் பெயரையும் எழுதிக் கீழே ஒரு கோடு போடுவார்.

எண்கள் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்தன. ஒன்பது, ஒன்பதேகால். புட்டிகளின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இதற்குக் காரணம் சொல்லிவிடுவார். மில்லில் சயனைடோடு மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு போடுவார்கள், அந்தக் கழிவு மண்தான் ஊரைச் சுற்றி மலையாகக் குவிந்திருக்கிற சயனைடு மேடு, காற்றடித்தால் நம் சோற்றிலேயே விழுகிறது, தண்ணீரில் விழாதா? நானும் அதையே எழுதினேன். 'மேட்டுச் சுண்ணாம்பு' என்று குறிப்பு. நாலாம் நம்பர் மட்டும் அழகாக 7.2, 7.4 என்று வந்தது. 'நாலாம் இடம் மிகத் தூய்மை' என்று ஆர்தருக்கு எழுதிச் சந்தோஷப்பட்டேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, நாங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே காத்தவராயனின் தங்கை கங்கம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள். நாலாம் நம்பர் எடுக்கிற அதே ஓடைக்கரையில் பத்துப் பாத்தி கீரையும் கொத்தமல்லியும் போட்டு, கூடையில் சுமந்து மார்க்கெட்டில் விற்கிறவள். அண்ணன் வேலை போன பிறகு இரண்டு வீட்டு அடுப்பும் அந்தப் பத்துப் பாத்தியை நம்பித்தான் எரிந்தது.

"டீச்சரம்மா, ஓடத்தண்ணி புளிக்குதுங்க" என்றாள்.

"குடிச்சுப் பாத்தீங்களா?"

"குடிப்பாங்களா அதப் போயி? காலு சொல்லுதுங்க." புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து சிவந்திருந்தது. குதிகால் வெடிப்புகள் வாய் பிளந்திருந்தன. "மேல பேட்டரி ஒடைக்கிற ஷெட்டு ஒண்ணு போட்டாங்க, சித்திர மாசத்துலேர்ந்து. அதுக்கு அப்புறந்தான் இப்பிடி. கீரையப் பாருங்க."

மடியிலிருந்து ஒரு பிடி கொத்தமல்லியை எடுத்து மேடையில் போட்டாள். ஓரமெல்லாம் தீய்ந்து பழுத்திருந்தது.

நான் மீட்டரைக் காட்டினேன். நோட்டைக் காட்டினேன். அமிலம் இருந்தால் எண் நாலு, மூன்று என்று வரும், இதோ பாருங்கள் ஏழே சொச்சம், ஊரிலேயே நல்ல தண்ணீர் உங்கள் ஓடைதான் என்று பாடம் நடத்தினேன். காலுக்கு ஏதாவது சேற்றுப்புண் களிம்பு போடச் சொன்னேன். என் குரலில் ஒன்பதாம் வகுப்பு டீச்சர் நன்றாகவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கங்கம்மா அண்ணனைப் பார்த்தாள். "நீ சொல்லுணா."

"மீட்டரு இன்னாத்துக்கு கங்கா பொய் சொல்லுது?" என்றார் காத்தவராயன்.

"அப்போ இது பொய் சொல்லுதா?" என்று கொத்தமல்லியைத் தொட்டுக் காட்டினாள். கீரையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. யாரையோ பிடித்து மனு எழுதிப் போட்டாள். ஆவணி மாதத்தில் கோலாரிலிருந்து ஜீப்பில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் வந்தார். விநாயக் என்று பெயர், சின்ன வயது, தமிழ் புரியும், பேசும்போது கன்னடம் கலந்து வரும். இந்த ஓடையை யாரோ டீச்சர் வாரா வாரம் அளக்கிறாராமே என்று கேள்விப்பட்டு எனக்கு ஆள் அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, பதினொரு வாரக் கணக்கை அழகாக நகல் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

அவர் கரையில் நின்றபடியே வரிவரியாகப் படித்தார். "டேட்டா சென்னாகிதே டீச்சர்" என்றார். நன்றாக இருக்கிறதாம். எனக்கு உச்சி குளிர்ந்தது. "சாம்பிள் எடுத்தது யாரு?"

"நானுங்க சார்." காத்தவராயன் பூட்ஸ் காலோடு ஓடைக்குள் இறங்கி, எடுக்கிற இடத்தைக் காட்டினார். "இதே எடம். என் கையால எடுத்தது. இருவத்தாறு வருஷம் மில்லுல சாம்பிள் எடுத்தவன் சார். ஒரு நாளு ஒரு புட்டி தப்பா போனது கெடையாது."

விநாயக் கங்கம்மாவிடம் திரும்பினார். "அம்மா, உங்க அண்ணனே எடுத்திருக்காரு. டீச்சர் அளந்திருக்காங்க. இன்னும் நான் ஏன் மாடலி?" நான் என்ன செய்ய என்கிறார். கோபமில்லாமல்தான் சொன்னார். மனுவின் மேல் புகாருக்கு ஆதாரமில்லை என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கங்கம்மா அண்ணனைத்தான் பார்த்தாள். "நீயே சொல்லிட்ட இல்ல?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு நின்றது. ஆனால் மத்தியானச் சோறு மட்டும் தவறாமல் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, அவர் வருவதற்குள் போய்விடுவாளாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எண் எண்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்ததும் ஆர்தரின் கடிதம் வந்தது. "மங்களம், நாலாம் இடத்தை விடு, எனக்கு ஒன்றாம் இடம்தான் இடிக்கிறது. ஊரே குடிக்கிற ஏரித் தண்ணீர் எப்படி ஒன்பதே காலுக்கு நிற்கும்? மீட்டரைச் சோதித்துப் பார். அந்த இடத்திலேயே வைத்துத்தானே அளக்கிறாய்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நேரில் இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவன் அனுப்பியிருந்த பொடியைக் கரைத்து நனைத்தேன். நாலு வர வேண்டிய இடத்தில் நாலு, ஏழு வர வேண்டிய இடத்தில் ஏழு. வெற்றிக் களிப்போடு சும்மா என் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து அதிலும் நனைத்தேன்.

7.6.

குழாயில் வருவது பேத்தமங்களா ஏரித் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் புட்டியில் வந்ததும் அதே ஏரித் தண்ணீர்தான், 9.3. தம்ளரையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏரி சரி, மீட்டர் சரி. நடுவில் இருப்பது ஒரே ஓர் ஆள்.

என் புத்தி எங்கே போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் ஏரிக்கே போவதில்லை, வழியில் ஏதோ கிணற்றில் புட்டியை நிரப்பிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். அன்று ராத்திரி முழுக்க அவரைத் திட்டுவதற்கு வாக்கியம் தேடினேன்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்துப் பேத்தமங்களா போய், ஏரிக்கரைப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆசிரியர்களுக்கு ஒளிந்து நின்று பிடிப்பது பழகிய வேலை. மீட்டரும் கைப்பையில் இருந்தது. கைக்குட்டையில் சுற்றி, முதல் தடவையாக வீட்டுக்கு வெளியே.

வந்தார். பத்துக் கிலோமீட்டர் மிதித்த வியர்வையோடு சைக்கிளை நிறுத்தினார். முழங்கால் ஆழம் இறங்கினார். புட்டியை மூன்று தடவை அதே தண்ணீரில் அலசினார். பிறகு கழுத்துவரை அமிழ்த்தி, ஒரு குமிழி இல்லாமல் நிரப்பினார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதனம். இந்த மனிதரையா நான் அப்படி நினைத்தேன்?

கரையேறியதும் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். சுண்ணாம்பு டப்பியைத் திறந்தார். ஒரு நகக்கண் அளவு எடுத்துப் புட்டிக்குள் போட்டு, மூடி, இரண்டு குலுக்குக் குலுக்கினார்.

"காத்தவராயன்!"

திடுக்கிட்டுத் திரும்பினார். "இன்னா டீச்சரம்மா, இந்நேரத்துல இங்க?"

"புட்டியில என்ன போட்டீங்க?"

"லைமுங்க" என்றார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "லைம் போடாம புட்டி குடுப்பாங்களா?"

மில்லில் அப்படித்தானாம். சயனைடு கரைசலில் சுண்ணாம்பு குறைந்தால் விஷவாயு கிளம்பும். அதனால் சாம்பிள் புட்டி எதுவாக இருந்தாலும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டுத்தான் மூட வேண்டும். அவருடைய முதல் வருஷத்தில் ஏனோக் என்கிற கூட்டாளி ஒரு நாள் மறந்துபோய்ப் போடாமல் அனுப்ப, லேபில் மூடியைத் திறந்த பையன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். அன்றிலிருந்து காத்தவராயனின் கை ஒரு புட்டியைக்கூட சுண்ணாம்பில்லாமல் மூடியதில்லை.

"இங்க மில்லு ஏது, காத்தவராயன்?"

"மில்லு இல்ல. ஆனா மேடு கீதே டீச்சரம்மா? நம்ம ஊரு தண்ணில இன்னா கலந்து கீதுன்னு யாருக்குத் தெரியும்? மூடியத் தொறக்கறது நீங்க. மூஞ்சிக்கு நேரா வெச்சுப் பாக்கறீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பதிலு சொல்றது?"

நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்குச் சேர்த்துவைத்த வாக்கியமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. பதினைந்து வாரமாக இந்த மனிதர் வெற்றிலைக்கு வாங்கிய சுண்ணாம்பைப் போட்டு என் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எல்லாப் புட்டிக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாத்துக்கும். ஒண்ணுகூட வுட்டது இல்ல" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமை அவர் முகத்திலிருந்து இறங்குவதை நான் பார்த்தேன். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுண்ணாம்பு என்ன செய்யும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"லைம் போட்டா ஆசிட்டு செத்துப்பூடும்" என்றார் மெதுவாக. பிறகு, "அப்போ நாலாம் நம்பரு?"

மீட்டரை எடுத்து ஏரியில் நனைத்தேன். 7.7. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. "ஏறுங்க டீச்சரம்மா" என்று கேரியரைக் கையால் துடைத்தார். நாற்பத்து மூன்று வயதில், பத்தாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர் வாய் பிளந்து பார்க்க, கேரியரில் உட்கார்ந்து வந்தேன். ஏற்றம் வந்த இடங்களில் இறங்கி நடந்தேன். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை நனைந்துபோய் ஒட்டியிருந்தது.

ஓடையில் கங்கம்மா பட்டுப்போன கீரையைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பாத்தியில் ஏழு வெறும் மண். நான் கரையில் மண்டியிட்டு மீட்டரை நனைத்தேன். எண் கடகடவென்று இறங்கியது. ஆறு, ஐந்து, நாலு. மூன்றே காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. 3.2.

பத்தொன்பது வருஷம் அமிலத்தைப் பாடம் எடுத்தவள் நான். அந்த அமிலத்தில் தினமும் நிற்கிற ஒருத்தி என் வீட்டுக்கு வந்து காலைக் காட்டினாள், நான் சேற்றுப்புண் களிம்பு போடச் சொன்னேன்.

"கங்கம்மா, நீங்க சொன்னதுதான் சரி. தண்ணி புளிக்குது. நான் அளந்தது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவள் கீரைக் கட்டைக் கீழே வைக்கவில்லை. "எத்தினி மாசமாச்சு" என்றாள்.

காத்தவராயன் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. "உன்ன எல்லாரு எதுருலயும் பொய்க்காரி ஆக்கிட்டேன் கங்கா" என்று சொல்லிவிட்டு, கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். இத்தனை வருஷமாக ரப்பருக்குள் இருந்த பாதங்கள், வெளுத்து, மிருதுவாக இருந்தன. ஓடைக்குள் இறங்கி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணும் தெரியலியே" என்றார். அழுகிற மாதிரி இருந்தது.

கங்கம்மா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "மேல ஏறச் சொல்லுங்க டீச்சரம்மா. அவுரு காலு பூட்ஸுக்குள்ள இருந்த காலு. ஒரு நாளுல இன்னா தெரியும்? வெடிப்பு வுழுந்து, அதுல தண்ணி எறங்கணும், அப்பத்தான் தெரியும்."

அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் கரையேற்றினேன்.

அன்று சாயங்காலமே விநாயக்குக்குக் கடிதம் எழுதினேன். இடத்திலேயே அளக்க வேண்டும் என்ற விதியை மீறியது நான், ஆகவே என் பதினைந்து வாரக் கணக்கும் செல்லாது என்று எழுதி, ஆர்தருக்கும் ஒரு நகல் வைத்தேன். காத்தவராயன் விடவில்லை. "லைம் போட்டது நான்னு எழுதுங்க. எம் பேர வுட்டுட்டா அது சரி கெடையாது" என்றார். அதையும் எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். இந்த முறை பெயருக்கடியில் கோடு போடவில்லை. சமையலறை மேடையில் நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்தோம். இனிமேல் சாம்பிள் எடுக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை ராஜேந்திரன் பார்த்தாராம். அன்றைக்கு அலையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து விநாயக் வந்தார், சொந்த மீட்டரோடு. முகத்தைப் பார்க்கக் கூசியது. அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. கரையில் குனிந்து நனைத்தார். 3.3. உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து, கங்கம்மாவின் காலைப் பார்த்தார். "நானும் அன்னைக்கு இறங்கல இல்ல?" என்றார். ஷெட்டுக்குப் போகுமுன் சீல் வைக்க ஒரு புட்டி வேண்டும், யார் எடுப்பது என்று கேட்டார்.

காத்தவராயன் நாங்கள் கூப்பிட்டதற்காக வந்து, தள்ளி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் பின்னால் ஓர் எட்டு வைத்தார். "நான் வாணாம் சார்."

"நான் எடுக்கறேன்" என்று கங்கம்மா புடவையைச் செருகினாள். அந்தக் காலோடு இறங்கப் போனாள்.

"இரு!" என்று காத்தவராயன் ஓடிவந்தார். பூட்ஸைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். அவள் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே காலை நுழைத்தாள். இரண்டு காலும் ஒரே பூட்ஸில் போகும், அவ்வளவு பெரிசு. லொடக் லொடக்கென்று இறங்கி, மூன்று தடவை அலசி, குமிழி இல்லாமல் நிரப்பிக்கொண்டு ஏறினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணன் எடுப்பதை வாரா வாரம் பாத்தியிலிருந்து பார்த்திருக்கிறாள். விநாயக் சீல் வைத்தார். 'எடுத்தவர்' என்ற இடத்தில் நான் கங்கம்மா என்று எழுதினேன். ஜீப் ஷெட்டுப் பக்கம் மேலேறிப் போனது.

ஷெட்டை நிறுத்தினாலும் ஓடை தெளிய எத்தனை மாதம் ஆகுமோ, அந்த ஏழு பாத்தி மண்ணில் திரும்பக் கீரை எப்போது வருமோ, எனக்குத் தெரியாது. கேட்டால் அப்படியே சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. கரையில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். காத்தவராயன் வெறுங்காலோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அந்த ஏரிக்கரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் வெற்றிலை போடவில்லை. சுண்ணாம்பு டப்பியையே எறிந்துவிட்டார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கங்கம்மாவுக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது.

ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினாள். நகக்கண் அளவு சுண்ணாம்பு எடுத்துத் தடவினாள். பாக்கை வைத்து மடித்தாள். கையை நீட்டினாள். ஆவணிக்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"இந்தா. வாயில போட்டுக்கணா. புட்டிலதான் போடக்கூடாது."